மற்றும் குழுவினர்

1

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஏரலுக்குள் வந்தது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. பாலம் சேதமானது. கடைத்தெரு முங்கியது. கரண்டும் போனும் இல்லாமல் ஊர் தனித்தீவாகக் கிடந்தது. இதெல்லாம் பத்திரிகையில் வந்த சேதி. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் முதலில் வந்து கடைசியில் போனது என்பது வராத சேதி. ஊர் நம்மை எந்தப் பள்ளத்தில் குடிவைத்ததோ அந்தப் பள்ளத்தை ஆறும் மறப்பதில்லை.

தண்ணீர் வடிந்தபின் சித்தி வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். சாதிச் சான்றிதழ், ரேசன் கார்டு, பட்டா நகல், கல்யாணப் போட்டோ எல்லாம் ஒரே சேற்றுக்கட்டி. அடியில் ஒரு கேசட். அட்டையில் பாதி அழிந்திருந்தது. மீதிப் பாதியில் ஒரு ஆளின் படமும் அவர் பெயரும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டே சொல்: 'மற்றும் குழுவினர்'.

அந்தக் குழுவினரில் ஒருத்திதான் என் சித்தி.

1988இல் பதிவு செய்தது. நடவுக்குப் போகிற பெண்கள் ஐந்து பேர். படத்தில் இருக்கும் ஆள் மேடைக் கச்சேரி பண்ணுகிறவர். அவர் முதல் அடியை எடுப்பார், பிறகு பாட்டு முழுவதும் பெண்களுடையது. நடவுப் பாட்டு, கும்மி, இடையில் குலவை. அவர்களை வேனில் கூட்டிக்கொண்டு போய், சுவரெல்லாம் கம்பளி தொங்கிய ஓர் அறையில் ஒரே பகலில் பாட வைத்தார்கள். ஆளுக்கு 25 ரூபாயும் ஒரு புரோட்டாப் பொட்டலமும். கேசட் அக்கம்பக்கத்துக் கொடை விழாக்களில் விற்றது. ரேடியோ செட்டுக்காரர்கள் வேப்பமரத்தில் குழாயைக் கட்டி அதைப் போட்டார்கள். 'அடுத்ததாக இன்னாரும் குழுவினரும்' என்று மைக்கில் அறிவிப்பார்கள். குழுவினர் அந்நேரம் வயலில் குனிந்து நின்றிருப்பார்கள்.

இப்போது சென்னையில் படிக்கிற நம் தெருப் பையன் ஒருவன் வெள்ள நிவாரண வேலைக்கு வந்திருந்தான். கேசட்டை என் கையில் பார்த்ததும், "மாமா, இதக் காயவச்சு எடுத்துருவோம். விட்டா பூஞ்சை புடிச்சிரும்" என்றான். நாடாவை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பழைய கூட்டின் திருகாணிகளைக் கழற்றி இன்னொரு கூட்டுக்குள் மாற்றினான். மூன்று நாள் வேலை. ஓடவிட்டபோது இரைச்சலுக்குள்ளிருந்து சித்தியின் குரல் எழுந்து வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு சொன்னான்: "மாமா, இது சோல். அமெரிக்காவுல இப்படி மறந்துபோன குழுக்களத் தேடித்தேடி எடுத்து மறுபடி வெளியிடுதாங்க. நாமளும் இத உலகத்துக்குக் குடுப்போம்."

சித்தியிடம் சொன்னோம். எழுபதைத் தாண்டிய கிழவி. வாசல் சேற்றை மண்வெட்டியால் வழித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வேண்டாம்யா. அது போனா போவட்டும்."

இந்தக் கட்டுரை அந்த 'வேண்டாம்' பற்றியது. ஒரு குரலை மறதியிலிருந்து மீட்பது நல்ல காரியம் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். கடந்த 30, 40 ஆண்டுகளாக நம் பத்திரிகைகள், கலைவிழாக்கள், ஆய்வேடுகள் எல்லாம் அந்த நம்பிக்கையில் நடந்தவைதாம். மீட்கப்படுகிறவளே வேண்டாம் என்றால் என்ன செய்வது?

2

பையன் சொன்ன அந்த இசையை அவனுடைய ஹெட்போனில் பல இரவுகள் கேட்டேன். நமக்கு அது முற்றிலும் அந்நியமும் இல்லை. இந்தக் கரையில் திருச்சி வானொலியைவிட இலங்கை வானொலிதான் தெளிவாகக் கேட்கும். ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யைக் கேட்டு ஆடாத கல்யாண வீடு எங்கள் பக்கம் உண்டா? அந்தப் பைலா இசையின் வேர்களில் ஒன்று, போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் காஃப்ரிஞ்ஞா. அவர்களின் வழிவந்தவர்கள் புத்தளம் பக்கம் சிரம்பியடியில் இன்றும் பாடுகிறார்கள். கறுப்பு இசை அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு வருவதற்கு முன்பே மன்னார் வளைகுடாவைத் தாண்டி நம் காதுக்குள் வந்துவிட்டது. அதை யாரும் நமக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

'சோல்' என்றால் ஆன்மா. ஆன்மா என்ற சொல் வந்தாலே நாம் உசாராகிவிட வேண்டியவர்கள். ஆன்மா, கருமம், மறுபிறப்பு என்று சொல்லித்தான் நம் உடம்பைத் தெருவுக்கு வெளியே நிறுத்தினார்கள். புத்தர் ஆன்மாவை மறுத்ததை அம்பேத்கர் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆனால் கறுப்பர்களின் சோல் அந்த ஆன்மா இல்லை. அது தேவாலயப் பாட்டும் பருத்திக்காட்டுச் சோகமும் சேர்ந்து தொண்டையிலிருந்து வருகிற ஒன்று. அதன் தம்பி 'ஃபங்க்'. அந்தச் சொல்லின் பழைய பொருள் உடம்பு நாத்தம், வேர்வை வீச்சம். இழிவாகச் சொன்ன சொல்லை எடுத்துத் தங்கள் இசைக்கே பெயராக வைத்துக்கொண்டார்கள். பறை என்ற சொல்லோடு நாம் பட்ட பாடும் செய்த கலகமும் நினைவுக்கு வராமல் இருக்குமா?

அந்த இசையில் தனிப்பாடகர்களைவிடக் குழுக்கள் அதிகம். மூன்று பேர், நான்கு பேர், ஐந்து பேர். தேவாலயத்தில், தெருமுனையில், நாவிதர் கடையில் சேர்ந்து பாடியவர்கள். பின்னால் உலகப் புகழ்பெற்ற ஜார்ஜ் கிளிண்டனின் 'பார்லியமெண்ட்ஸ்' குழு 1950களில் நியூஜெர்சியின் பிளெய்ன்ஃபீல்டில் ஒரு முடிதிருத்தும் கடையில் வளர்ந்தது. நம் நாட்டில் நாதசுரமும் மேளமும் யார் வீட்டுப் பிள்ளைகள் கையில் இருந்தன என்று தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இந்தக் குழுக்களுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அங்கே பறிப்பு ஒரே விதமாக நடக்கவில்லை.

டெட்ராய்ட் நகரில் 1959இல் தொடங்கிய மோடவுன் கறுப்பர் ஒருவர் நடத்திய கம்பெனி. அங்கே 'ஆண்டாண்டஸ்' என்று மூன்று பெண்கள் இருந்தார்கள். ஆயிரக்கணக்கான பதிவுகளில் பின்குரல் அவர்களுடையது. ரெக்கார்டில் பெயர் கிடையாது. 1968இல் வெளிவந்து அமெரிக்காவின் முதலிடத்தைப் பிடித்த 'லவ் சைல்ட்' என்ற பாட்டில் 'சுப்ரீம்ஸ்' குழுவின் பெயர் இருந்தது. டயானா ராஸுக்குப் பின்னால் பாடியவர்கள் சுப்ரீம்ஸ் இல்லை, ஆண்டாண்டஸ். ஆக, பறிக்கிறவன் எப்போதும் வெள்ளைக்காரனாகவோ மேல்சாதிக்காரனாகவோதான் இருப்பான் என்று நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்தது. நம் ஊர் ரேடியோ செட்டுக்காரர்கள் எல்லோரிடமும் இருந்த 'போனி எம்' கேசட்டை நினைத்துப் பாருங்கள். அட்டையில் நான்கு கறுப்பு முகங்கள். அவர்களில் இரண்டு பெண்கள் மட்டுமே ஸ்டுடியோவில் பாடியவர்கள். அந்த ஆண் குரல் ஜெர்மானியத் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது. கறுப்பு உடம்பு அட்டைக்கு வேண்டும், குரல் வேண்டியதில்லை. என் சித்தியின் கேசட்டிலோ குரல் வேண்டும், உடம்பும் பெயரும் வேண்டியதில்லை.

அன்பினாலும் பறிக்கலாம். வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் 1970களில், அமெரிக்காவில் விற்காமல் குப்பையான சோல் ரெக்கார்டுகளைத் தேடி எடுத்து விடிய விடிய ஆடினார்கள். விகன் கேசினோ என்ற அரங்கம் 1973 முதல் 1981 வரை அதற்குக் கோயில் மாதிரி. பாடியவனே மறந்துவிட்ட பாட்டை அவர்கள் நெஞ்சில் வைத்திருந்தார்கள். மனம் நெகிழ்கிற கதைதான். ஆனால் அரிய ரெக்கார்டு கிடைத்த ஆள் அதன் லேபிளை மூடி, வேறொரு பெயரைச் சொல்லிப் போடுவது அங்கே வழக்கம். போட்டியாளன் தேடிப் பிடித்துவிடக் கூடாதே! ஃபிராங்க் வில்சன் என்ற கறுப்பர் 1965இல் பாடிய ஒரு பாட்டு இப்படித்தான் 'எடி ஃபாஸ்டர்' என்ற பெயரில் ஒலித்தது. மிஞ்சிய ஒன்றிரண்டு பிரதிகளில் ஒன்று 2009இல் 25,000 பவுனுக்கு மேல் விலைபோனது. மீட்டவர்களின் அன்பில் சந்தேகமில்லை. அந்த அன்புக்குப் பாட்டுத் தேவைப்பட்டது, பாடியவன் பெயர் இடைஞ்சலாக இருந்தது.

கடைசியாக ஒன்று. 1969இல் 'வின்ஸ்டன்ஸ்' என்ற குழு 'ஆமென் பிரதர்' என்ற இசைத்துண்டைப் பதிந்தது. நடுவில் ஏழு வினாடிக்கும் குறைவான ஒரு டிரம் அடி. வாசித்தவர் கிரிகரி கோல்மன். 1980களுக்குப் பிறகு அந்தச் சில வினாடிகளை வெட்டி ஒட்டி உருவான பாட்டுகள் ஆயிரக்கணக்கில். கோல்மன் 2006இல் அட்லாண்டாவில் வீடற்றவராகச் செத்தார். தன் கையடி உலகமெங்கும் ஒலித்ததற்காக அவருக்கு ஒரு காசு வரவில்லை. குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் 24,000 பவுன் திரட்டிக் கொடுத்தார்கள். அது நன்கொடை, கூலி இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். களத்து மேட்டில் கூலியாக வரவேண்டியது பிச்சையாக அளக்கப்பட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

நம் பக்கமும் இது வந்துவிட்டது. 1977 முதல் 1983 வரையிலான இளையராஜாவின் திரைப்பாடல்களைத் தொகுத்து இங்கிலாந்தில் ஒரு கம்பெனி வெளியிட்டது. ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்பது அந்தக் கம்பெனியின் பெயர். 'கண்டெடுத்தவனுக்கே சொந்தம்' என்று பொருள். விளையாட்டாக வைத்த பெயராக இருக்கலாம். ஆனால் மீட்பு என்று நாம் சொல்கிற காரியத்தின் மொத்தத் தத்துவமும் அந்தப் பெயரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தப் பாட்டுகளை யாரும் தொலைக்கவே இல்லை. டீக்கடையில் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். 'மறந்துபோனது' என்ற சொல்லுக்கு முன்னால் எப்போதும் 'யார்?' என்று ஒரு கேள்வி போட்டுப் பார்க்க வேண்டும்.

3

இயக்கத்தின் பாட்டுக்கு வருவோம்.

1968 பிப்ரவரியில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் குப்பை வண்டி நசுக்கி இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளிகள் செத்தார்கள். 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் ஏந்திய அட்டையில் இருந்தது ஒரே வாசகம்: 'நான் மனிதன்'. அவர்களுக்கு ஆதரவாக வந்த மார்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சோல் இசையின் இன்னொரு தலைநகரமும் அதே மெம்பிஸ்தான். அதே ஆண்டு டிசம்பர் 25, கீழவெண்மணி. 44 பேர். அந்த நெருப்பின் நினைவில் இன்குலாப் எழுதிய பாட்டுக்கும் 'மனுசங்கடா' என்றுதான் பெயர். மெம்பிஸ் அட்டையைப் பார்த்து எழுதியதில்லை. ஒரே மாதிரி மிதிபட்டவன் வாயில் ஒரே மாதிரிச் சொல் வருகிறது.

அந்தப் பாட்டைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோன குரல் கே.ஏ. குணசேகரனுடையது. அவருடைய 'தன்னானே' குழு எங்கள் பக்கம் பாடிய இரவுகளில் நாங்கள் மணலில் உட்கார்ந்திருந்தோம். 2016 ஜனவரியில் குணசேகரனும் அதே ஆண்டு டிசம்பரில் இன்குலாபும் போய்விட்டார்கள். எழுதியவர் பெயரும் பாடியவர் பெயரும் நமக்குத் தெரியும். அவருக்குப் பின்னால் நின்று தப்படித்தவர்கள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

கறுப்புச் சிறுத்தைகள் கட்சியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தோன்றியபோது பெயரே அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அந்தக் கட்சிக்கு ஒரு பாட்டுக்குழு இருந்தது என்பது பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 'லம்பன்' என்று பெயர். சாதாரணக் கட்சித் தொண்டர்கள் நான்கு பேர். பகலில் கட்சிப் பத்திரிகை விற்பது, பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு போடுவது, ராத்திரியில் சோல் பாட்டு. சனங்களுக்குத் தெரிந்த மெட்டை எடுத்துச் சொல்லை மாற்றிப் பாடுவார்கள். சினிமா மெட்டில் கூலி உயர்வுப் பாட்டுக் கட்டிய நம் குழுக்கள் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். 1970இல் ஒரு சிறு ரெக்கார்டு வந்தது. அந்த நவம்பரில் ஓக்லாந்தின் மெரிட் கல்லூரியில் நடந்த கச்சேரியைப் பதிவு செய்தார்கள், ஆல்பமாக வெளியிட. அது வெளிவரவே இல்லை. அடுத்த ஆண்டே குழு கலைந்தது. ரிக்கி வின்சென்ட் என்பவர் 2013இல் அவர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

இதிலிருந்து எனக்குப் பட்டது: லம்பன் குழுவினர் மறதிக்குள் போனது தோல்வியால் மட்டும் இல்லை. அவர்கள் பாடியது விற்பதற்காகவும் இல்லை, நிலைப்பதற்காகவும் இல்லை. அந்த மாதத்தில், அந்தக் கூட்டத்தில், முன்னால் நின்ற ஆட்களுக்காக. வேலை முடிந்ததும் பாட்டும் முடிந்தது. நடவுப் பாட்டும் அப்படித்தானே? நாற்று முடிந்தால் பாட்டு முடிந்தது. எல்லாக் குரலும் என்றைக்கும் இருந்தாக வேண்டும் என்பது யாருடைய ஆசை? கல்வெட்டு வெட்டியவனின் ஆசை அது. அதை நாம் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டுமா?

இதைச் சொன்னதும் பையன் கோபப்பட்டான். "மாமா, நம்மள்ட்ட கல்வெட்டு இல்ல, ஓலைச்சுவடி இல்ல. இருக்கிறது இந்தக் குரல் ஒண்ணுதான். அதையும் விட்டா நாம இருந்தோம்ங்கிறதுக்கே சாட்சி இருக்காது. மறக்கலாம்னு சொல்றது எல்லாம் இருக்கிறவன் பேச்சு." அவன் சொன்னதில் ஒரு சொல்லையும் என்னால் தள்ள முடியவில்லை.

4

சித்தியிடம் மறுபடி போனேன். இந்த முறை தனியாக. பொங்கல் கழிந்த சமயம். ஏன் வேண்டாம் என்று கேட்டேன். முதலில் பேச்சை மாற்றினாள். பிறகு, "அந்தப் பக்கத்தக் கேட்டியாய்யா?" என்றாள்.

அந்தப் பக்கம் என்றால் கேசட்டின் இரண்டாம் பக்கம். அதன் கடைசியில் ஒரு ஒப்பாரி இருக்கிறது. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அன்னைக்கிப் பாடி முடிச்சப் பொறவு இன்னும் கொஞ்சம் இடம் கெடக்கு, ஒரு ஒப்பாரி படிங்கன்னு சொன்னாவ. மத்தவளுவ எல்லாம் மாட்டேன்னுட்டாளுவ, நல்ல நாளும் அதுவுமா எதுக்குன்னு. நாந்தான் படிச்சேன். ஒனக்குத் தெரியாது, எங்க அம்மை செத்த அன்னைக்குத்தான் பண்ணையாரு வீட்டுலயும் எழவு. காலையில ஆளு வந்துட்டு. எங்கள அங்க போயி மாரடிச்சு அழச் சொல்லி. எங்க அம்மை குடிசையில கெடக்கா, நாங்க அங்க அவுக வீட்டு ஆளுக்கு அழுதோம். பொழுதுசாய வந்து பாத்தா, ஆம்பளைய அவள எடுத்துட்டுப் போயிட்டாவ. நான் எங்க அம்மைக்கு அழல. ஏழெட்டு வருசம் கழிச்சு அந்தக் கம்பளித் தொங்கவிட்ட ரூமுக்குள்ளதான் அழுதேன். அங்க யாரும் பாக்கல பாரு."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு சொன்னது இது.

"அதுக்குப் பொறவுதான் நம்ம தெருவுல கூட்டம் போட்டு முடிவெடுத்தோம். இனி எவன் எழவுக்கும் கொட்டடிக்கப் போவக்கூடாது, அழப் போவக்கூடாதுன்னு. நீயும் இருந்தியே அதுல. ஊரே மொறச்சிது. கூலிக்கு வேலை தரமாட்டோம்னான். நாம போவல. ஒரு வருசத்துல அந்த வீட்டுல இன்னொரு எழவு. யாரும் போவல. ராத்திரி பாத்தா கொழாயில எங்க குரலு வருது. எங்க அம்மைக்கு நான் அழுத அழுகைய அந்த ஆளுக்குப் போட்டுட்டாவ. விடிய விடிய ஓடுச்சு. நான் காதப் பொத்திக்கிட்டு உள்ள கெடந்தேன். போவமாட்டேன்னுதானய்யா சொன்னோம்? போவாமலே அழ வச்சிட்டான பாத்தியா."

எனக்கு வாயடைத்துப்போனது. அந்தக் கூட்டத்தில் நான் இருந்தேன். தீர்மானத்தை எழுதியதே நான்தான். அந்த இரவு குழாய்ச் சத்தமும் கேட்டிருப்பேன். சித்தியின் குரல் என்று பெருமைகூடப் பட்டிருப்பேன்.

5

பறையை விடுவதா, எடுப்பதா என்று 1990களில் நம் இயக்கங்களுக்குள் நடந்த சண்டையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடிமைத் தொழிலின் அடையாளம், அதைக் கிழித்துப் போடு என்றது ஒரு பக்கம். அது நம் போர்க் கருவி, மேடையில் ஏற்று என்றது இன்னொரு பக்கம். மதுரை இறையியல் கல்லூரியில் பரட்டை அண்ணன் என்று நாம் அழைத்த தியாபிலஸ் அப்பாவு போன்றவர்கள் நாட்டார் மெட்டை விடுதலைப் பாட்டாக்கினார்கள். இன்று பறை மேடையில் இருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு பாடியபோது கானாவும் பறையும் கிடாரும் ஒன்றாக நின்றன. மேடையில் ஏற்றியவர்கள் ஜெயித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தச் சண்டையில் இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒன்று இருந்தது. எங்கே அடிப்பது, எங்கே அடிக்க மறுப்பது என்பதை அடிக்கிறவன் தீர்மானிக்க வேண்டும். சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று சொல்லும் கை இருந்ததால்தான் மாநாட்டில் அடித்தபோது அதற்கு அர்த்தம் வந்தது.

கேசட் அந்தக் கையைத் துண்டித்துவிடுகிறது. குரல் ஆளைவிட்டுப் பிரிந்ததும் 'மாட்டேன்' என்று சொல்லும் சக்தி குரலுக்கு இல்லாமல் போகிறது. யார் போட்டாலும் பாடும். எவன் பிணத்துக்கும் அழும். கோல்மனின் டிரம் அடிக்கும் அதுதான் நடந்தது. காசு வரவில்லை என்பது பாதி அநியாயம்தான். எதற்கு என் கை ஒலிக்க வேண்டும் என்று சொல்லும் வாய்ப்பே அவருக்கு இல்லாமல் போனது மீதிப் பாதி. சம்மதம் கேட்காமல், மறுக்க வழியில்லாமல் வாங்கப்படும் உழைப்புக்கு நம் ஊரில் ஒரு பெயர் உண்டு. வெட்டிவேலை. நல்ல நோக்கத்தோடு, முற்போக்கான முன்னுரையோடு, உயர்ந்த தொழில்நுட்பத்தோடு செய்தாலும் அது வெட்டிவேலைதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். பாடுகிறவருக்கு, வாசிக்கிறவருக்கு என்று தனியான உரிமை 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்துக்குள் 1994 திருத்தத்தில்தான் நுழைந்தது. தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கேட்கும் உரிமை 2012 திருத்தத்தில் வந்தது. 1988இல் கம்பளி அறைக்குள் நின்ற ஐந்து பெண்களும் சட்டத்தின் கண்ணில் இல்லை. ஆனால் சட்டம் பிந்தி வந்தது என்பதற்காக நம் நியாயமும் பிந்தி வரவேண்டியதில்லை.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும், வரவேண்டும். சித்தியின் ஒப்பாரிதானே பண்ணையார் வீட்டு அக்கிரமத்துக்குச் சாட்சி? அதை மூடிவைத்தால் லாபம் யாருக்கு? அதுவும் சரியான கேள்விதான். நான் இப்படி யோசிக்கிறேன். சாட்சி சொல்வது வேறு, சாட்சியாகக் கொண்டுபோகப்படுவது வேறு. சித்தி என்னிடம் வாய்திறந்து சொன்னது சாட்சியம். அதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது, பேரு போடாத" என்றாள். அதனால் எழுதுகிறேன். அந்த அழுகை சாட்சியம் இல்லை. அது அவள் அம்மைக்குச் சேரவேண்டிய பாக்கி. ஒருமுறை களவுபோய்விட்டது. நாம் இன்னொருமுறை எடுத்து, நல்ல தெளிவோடு, உலகத்துக்குப் போட்டுக் காட்டினால் கேட்கிறவர்கள் கண்ணீர் விடுவார்கள். யாருக்காக விடுவார்கள் என்று சித்திக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாமல்தானே போனது.

பெயரைப் போடுவதும் இதே நியாயத்தில்தான் வருகிறது. ஆண்டாண்டஸ் பெண்களுக்குப் பெயர் வேண்டியிருந்தது. சித்திக்கு ஒரு பாட்டில் பெயர் வேண்டும், இன்னொன்றில் வேண்டாம். அவரவரிடம் கேட்டால்தான் தெரியும். 'மற்றும் குழுவினர்' என்று எழுதியவன் செய்த தப்பு பெயரை விட்டது மட்டுமில்லை. கேட்க வேண்டிய ஐந்து பேர் இருக்கிறார்கள் என்பதையே அவன் நினைக்கவில்லை. எல்லோர் பெயரையும் நாமாக எடுத்துக் கொட்டை எழுத்தில் போட்டாலும், கேட்காமல் போட்டால் அவனுக்கும் நமக்கும் தூரம் அதிகமில்லை.

6

என்ன செய்தோம் என்று சொல்லி முடிக்கிறேன்.

சித்தி சொன்னபடி முதல் பக்கத்தை மட்டும் வெளியே விடுவதாக முடிவு. ஐந்து பேரில் மூன்று பேர் இப்போது இல்லை. அவர்கள் பிள்ளைகள் ஒருவர் திருப்பூரில், ஒருவர் தூத்துக்குடி உப்பளத்தில், ஒருவர் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலில். பையனும் நானும் பஸ் ஏறிப் போய்க் கேட்டோம். ஒரு வீட்டில் கேட்டவுடன் சம்மதம். உப்பளத்துக்காரர், "எங்கம்மா பாடுவாளா?" என்று திருப்பிக் கேட்டார். அவருக்கு அது தெரியாது. ஹெட்போனைக் காதில் வைத்தோம். ஐந்து குரலில் எது அம்மாவுடையது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. சித்திக்குப் போன் போட்டுக் கேட்டோம். "ரெண்டாவது பாட்டுல குலவைய மொதல்ல தூக்குதா பாரு, அவதான்" என்றாள். அவர் அந்த ஒரு குலவையை நாலைந்து தடவை போடச் சொன்னார்.

திருப்பூரில் இருப்பவர் யோசிக்க வேண்டும் என்றார். இன்னும் பதில் சொல்லவில்லை. அதனால் இன்னும் வெளியிடவில்லை. பையனுக்குப் பொறுமை போகிறது. போகட்டும். 35 வருசம் டிரங்குப் பெட்டியில் கிடந்தது இன்னும் கொஞ்சம் கிடக்கலாம்.

ஒரு சங்கதி மட்டும் தீரவில்லை. கேசட்டின் இரண்டு பக்கமும் தனித்தனி நாடா இல்லை. ஒரே நாடாவில், மேல்பாதியில் ஒரு பக்கமும் கீழ்ப்பாதியில் ஒரு பக்கமும் பதிந்திருக்கிறது. முதல் பக்கத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் இரண்டாம் பக்கத்தையும் காப்பாற்றியே ஆகவேண்டும். சித்தி இருக்கும்வரை அவள் சொல் இருக்கிறது. அவளுக்குப் பிறகு? அவளுடைய 'வேண்டாம்' யாருக்குச் சொத்தாகப் போகும்? எனக்கா, பையனுக்கா, தெருவுக்கா, இல்லை அதுவும் கண்டெடுத்தவனுக்கா?

அதையும் அவளிடமே கேட்டுவிட்டேன். சிரித்தாள். "நான் செத்தா ஒங்களுக்கு அழத் தெரியாதால? நீங்க அழுங்க. அதப் போடாதிய" என்றாள்.

தோழர்கள் பலரிடம் இப்படிக் கேசட்டுகள் இருக்கும். 1980களில், 90களில் மாநாட்டில் பதிந்தவை, கூத்தில் பதிந்தவை, தெருவில் பதிந்தவை. மழை வருவதற்கு முன்னால் எடுத்துக் காயவையுங்கள். காய்கிற அந்த மூன்று நாளில், பாடியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப்போய்க் கேளுங்கள்.